நர்சம்மாவின் நோட்டு
(தாதியர் வரலாறு – 9)

1990களில் தர்மபுரி மாவட்டத்தின் ஒரு துணைச் சுகாதார நிலையத்துக்குள் நுழைந்தால் கண்ணில் படும் பொருட்கள் அதிகமில்லை. கொக்கியில் தொங்கும் தராசு, இரும்புச்சத்து மாத்திரை டப்பா, தடுப்பூசி கொண்டுவரும் ஐஸ் பெட்டி, மூலையில் ஒரு கட்டில். மேசையில்தான் இடமிருக்காது. தகுதியுள்ள தம்பதியர், கர்ப்பிணிகள், பிறப்பு, இறப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவேடு. ஆபீசில் வி.எச்.என். என்றும் ஊரில் நர்சம்மா என்றும் அழைக்கப்படும் கிராம சுகாதாரச் செவிலியர் வீடு வீடாக நடந்து எழுதிச் சேர்த்தவை அவை.

சிசு இறப்பு எழுதும் பக்கத்தில் காரணத்துக்கென ஒரு கட்டம் உண்டு. குறைமாதம், எடைக்குறைவு, நிமோனியா, வயிற்றுப்போக்கு என்று போகும். நடுநடுவே, மருத்துவப் புத்தகம் எதிலும் இல்லாத ஒரு காரணம் வரும்: 'சமூகக் காரணம்'.

அந்த வரியை இடமிருந்து வலமாக ஒருமுறை வாசித்தால் விஷயம் விளங்கிவிடும். பெண் குழந்தை. பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வீட்டில் ஏற்கெனவே பெண் பிள்ளை உண்டு.

கொலை என்று எழுதினால் போலீஸ் ஜீப் ஊருக்குள் வரும். பச்சை உடம்போடு இருக்கும் தாயைத்தான் முதலில் ஏற்றுவார்கள். மறுநாளும் அதே தெருவில் நடந்து, அதே வீடுகளின் திண்ணையில் உட்கார்ந்து, அடுத்த கர்ப்பிணியின் கையைப் பிடித்துப் பேச வேண்டியவர் நர்சம்மா. நிமோனியா என்று எழுதிவிட்டால் யாருக்கும் வம்பில்லை. ஆனால் அது பொய். இரண்டுக்கும் நடுவில் நின்று அவர்கள் எழுதியதுதான் அந்த மழுப்பல் சொல். மழுப்பல்தான், சந்தேகமில்லை. ஆனாலும் அந்த ஒரு சொல் இல்லாமல் போயிருந்தால், தர்மபுரியில் என்ன நடக்கிறது என்பதைக் கோட்டையில் இருந்தவர்கள் எண்ணிக்கையாகப் பார்த்திருக்கவே முடியாது.

இந்தத் தொடரைத் தொடக்கத்திலிருந்து வாசித்துவருகிறவர்களுக்கு இப்போது கிரிமியப் போர்க் காலத்து ஸ்கூட்டாரி நினைவுக்கு வரலாம். 1854 நவம்பரில் 38 பெண்களோடு அந்தத் துருக்கி மருத்துவமனையில் போய் இறங்கினார் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல். நாற்றமும் பேனும் எலியும் அவர் எதிர்பார்த்து வந்தவைதான். எதிர்பாராதது கணக்குப் புத்தகங்களின் நிலை. அங்கே இறந்த சிப்பாய்களுக்கு மூன்று தனித்தனிப் பதிவுகள் இருந்தன. மூன்றிலும் மூன்று தொகை. எத்தனை பேர் செத்தார்கள் என்பதே தெரியாத ஓர் இடத்தில், ஏன் செத்தார்கள் என்று யாரிடம் கேட்பது?

1855 பிப்ரவரியில் அங்கே சேர்க்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 42 பேர் இறந்தார்கள். மார்ச்சில் லண்டனிலிருந்து வந்த சுகாதாரக் குழு, கட்டடத்துக்கு அடியில் அடைத்துக்கிடந்த சாக்கடைகளை வாரிச் சுத்தம் செய்தது. ஜூனுக்குள் அந்த 42, இரண்டு சொச்சத்துக்கு இறங்கியது. விளக்கேந்திய சீமாட்டியின் கருணையால் சிப்பாய்கள் பிழைத்தார்கள் என்று நம் பள்ளிப் பாடம் சொல்லும். அந்த அம்மையாரே அப்படி நம்பவில்லை. ஊர் திரும்பியபின் புள்ளிவிவர நிபுணர் வில்லியம் ஃபாருடன் உட்கார்ந்து கணக்குப் போட்டு, காயத்தால் செத்தவர்களைவிட அழுக்கால் செத்தவர்களே அதிகம் என்று கண்டார். 1858இல் அதை வண்ணப் படமாக வரைந்து அமைச்சர்களின் மேசையில் வைத்தார். பிரிட்டிஷ் ராணுவ மருத்துவத்தை அசைத்தது அந்தப் படம்.

பிறகு இந்தியா. 1859இல் அமைந்த அரச ஆணையத்துக்காக இங்கிருந்த ராணுவ நிலையங்களுக்கெல்லாம் கேள்விப் பட்டியல் போனது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது, ஆண்டுக்கு எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று கேட்டு வாங்கிய பதில்களை மூட்டை மூட்டையாகப் படுக்கையில் கிடந்தபடியே படித்தார் நைட்டிங்கேல். இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் சாகிறார்கள் என்ற 1863ஆம் ஆண்டின் கணக்கு அதிலிருந்து வந்தது. கடைசிவரை அவர் இந்த மண்ணில் காலே வைக்கவில்லை. ஆனால் அவருடைய அக்கறை பாளையத்தோடு நிற்காமல் கிராமங்களின் கிணறு, சாக்கடை வரை நீண்டது.

அதே 1859இல் லிவர்பூலில் வேறொரு காரியம் சத்தமில்லாமல் தொடங்கியது. வில்லியம் ராத்போன் என்ற வணிகர், சாகும் தறுவாயில் இருந்த தன் மனைவியைக் கவனித்துக்கொண்ட மேரி ராபின்சன் என்ற நர்சை, ஏழைகளின் வீட்டுக்கே போய்ப் பார்க்கும்படி சம்பளம் கொடுத்து அனுப்பினார். கொஞ்ச நாளிலேயே அந்த அம்மாள், பார்த்த துயரம் தாங்காமல் வேலையை விட்டுவிடுகிறேன் என்று வந்து நின்றார். ராத்போன் சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்பினார். நோயாளி மருத்துவமனையைத் தேடி வர வேண்டும் என்ற பழைய ஏற்பாட்டைத் தலைகீழாகத் திருப்பியது இந்த முயற்சி. ஐரோப்பாவின் பொதுச் சுகாதார அமைப்பில் நர்சுகள் செய்த மாற்றங்களில் இதுவே பெரியது என்று தாராளமாகச் சொல்லலாம். தர்மபுரியின் நர்சம்மா அந்த மேரி ராபின்சனின் தூரத்து உறவு.

தூரம் கொஞ்சம் நீளம்தான். நடுவில் 1946இன் போர் (Bhore) குழு அறிக்கை, 1952இல் தொடங்கிய ஆரம்ப சுகாதார நிலையங்கள், 1973இன் கர்த்தார் சிங் குழு என்று பல படிகள். துணை மகப்பேறு தாதியாக இருந்தவர் அந்தக் கடைசிப் படியில் பல்நோக்குப் பணியாளர் ஆனார். பதினெட்டு மாதப் பயிற்சி. சமவெளியில் ஐயாயிரம் பேருக்கும் மலைப்பகுதியில் மூவாயிரம் பேருக்கும் ஒருவர் என்பது கணக்கு.

பல்நோக்கு என்று பெயர் வைத்தார்களே தவிர, 1990களின் நடுப்பகுதிவரை மேலதிகாரிகளுக்கு இருந்தது ஒரே நோக்கு: குடும்பக் கட்டுப்பாடு. மாதக் கூட்டத்தில் முதல் கேள்வியே 'எத்தனை கேஸ்?' என்பதாக இருக்கும். கருத்தடைக்கு ஆள் சேர்ப்பதற்குக் கேஸ் பிடிப்பது என்றே பெயர். இலக்கு எட்டாதவருக்கு எல்லார் முன்னிலையிலும் திட்டு விழும். 1996 ஏப்ரலில் மத்திய அரசு இந்த இலக்கு முறையை நாடு முழுவதும் கைவிட்டது. அதுவரை கேஸ் எண்ணிக்கைக்காக மட்டும் புரட்டப்பட்ட பதிவேடுகளின் மற்ற பக்கங்களை யாராவது வாசிக்க நேரம் கிடைத்தது அதன்பிறகுதான் என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது.

வாசித்தவர்களில் இரண்டு பேர் முக்கியமானவர்கள். ஒருவர் ஷீலா ராணி சுங்கத், ஐ.ஏ.எஸ். அதிகாரி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டை ஆட்சியராக இருந்து, எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கத்தின் பகுதியாகப் பெண்களைச் சைக்கிள் ஏற வைத்தவர். மற்றவர் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் வெங்கடேஷ் ஆத்ரேயா. ஷீலா ராணி பின்னாளில் டானிடா திட்டத்தின் பொறுப்புக்கு வந்தார். டென்மார்க் அரசு உதவியோடு தமிழ்நாட்டுக் கிராம சுகாதாரத்துக்காக நடந்த திட்டம் அது. மாநிலம் முழுக்க ஆரம்ப சுகாதார நிலையங்களின் 1995ஆம் ஆண்டுப் பதிவுகளைத் திரட்டி இருவரும் ஆராய்ந்தார்கள். முடிவு 1997இல் ஆய்விதழ் ஒன்றில் வெளியானது.

அதுவரை பெண் சிசுக்கொலை என்றாலே உசிலம்பட்டி. 1986இல் இந்தியா டுடே வெளியிட்ட கட்டுரை அந்த ஊரின் பெயரை நாடறியச் செய்திருந்தது. ஏதோ ஒரு வட்டாரத்தின், ஒரு சாதியின் வழக்கம் என்று மற்றவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். நர்சம்மாக்களின் பதிவேடுகள் அந்த நிம்மதியைக் கலைத்தன. மதுரைப் பக்கத்திலிருந்து சேலம், தர்மபுரி வரை ஒரு பட்டையாக நீண்டிருந்தது இந்தக் கொடுமை. பல சாதிகளில் இருந்தது. 'சமூகக் காரணம்' என்ற கட்டத்தில் விழுந்த குழந்தைகள் மாநிலம் முழுவதும் அந்த ஓராண்டில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேல்.

இங்கேயும் மூன்று பதிவுகள் இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரின் பிறப்பு, இறப்புப் பதிவேடு ஒன்று. பிறந்ததையே எழுதாத குழந்தை இறந்ததை அதில் யார் எழுதுவார்கள்? காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கை இன்னொன்று. புகார் கொடுக்க ஆளில்லாத குற்றத்துக்கு அங்கே பக்கமே இல்லை. மூன்றாவது நர்சம்மாவுடையது. கர்ப்பம் மூன்றாம் மாதமாக இருக்கும்போதே பெயர் எழுதிவிட்டதால், பிறகு அந்தக் குழந்தை எங்கே என்று கேட்கும் தகுதி அந்தப் பதிவேட்டுக்கு மட்டும் இருந்தது.

அரசு சும்மா இருக்கவில்லை. 1992இலேயே சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்துவிட்டது. வேண்டாத குழந்தையைக் கொல்லாதே, தொட்டிலில் போட்டுவிட்டுப் போ என்பது அதன் சாரம். உயிர்கள் காப்பாற்றப்பட்டன. பெண் என்றால் போட்டுவிட்டுப் போகலாம் என்று அரசே சொல்வதா என்ற கேள்வியும் எழுந்தது. இரண்டும் உண்மை.

தர்மபுரியில் 1997 முதல் 1999 வரை நடந்தது வேறு வகை. கலைப்பயணம் என்று அதற்குப் பெயர். அறிவொளிக் காலத்தில் எழுத்தறிவுக்குப் பயன்பட்ட வீதி நாடகம், பாட்டு, ஊர்க்கூட்டம் எல்லாம் இப்போது இந்தக் காரியத்துக்குத் திரும்பின. மாவட்டத்து இளைஞர்களையும் பெண்களையும் பயிற்றுவித்துக் குழு குழுவாக ஊர்களுக்கு அனுப்பினார்கள். எந்த ஊரில் ஆட்டம் போட வேண்டும் என்பதை ஊகித்துத் தீர்மானிக்கத் தேவையிருக்கவில்லை. பதிவேடுகள் சொல்லின. குற்றவாளி என்று யாரையும் விரல் நீட்டாமல், வரதட்சணையும் நிலமும் சாதிப் பெருமையும் ஒரு வீட்டை எப்படி நெருக்குகின்றன என்று காட்டியதுதான் அந்த நாடகங்கள் செய்த நல்ல காரியம். குற்றம் சாட்டியிருந்தால் மறுநாள் நர்சம்மாவுக்குத் திண்ணை கிடைத்திருக்காது.

இப்போதைய தர்மபுரி மாவட்ட எல்லைக்குள் 2001இல் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள் இருந்தார்கள். 2011இல் அது 913. பத்தாண்டில் இவ்வளவு ஏற்றம் பெரிய விஷயம். இதை ஒரே ஒரு காரணத்தின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. பள்ளிக்கூடம், சுயஉதவிக் குழு, சிறு குடும்பம், தொட்டில், நாடகம், சட்டம் எல்லாமே சேர்ந்திருக்கின்றன. அதே சமயம், கொலை பிரசவ அறையிலிருந்து ஸ்கேன் அறைக்கு இடம் மாறியதும் நடந்தது. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு 1996இல் நடைமுறைக்கு வந்தது. சமீப ஆண்டுகளிலும் கையில் எடுத்துச் செல்லும் ஸ்கேன் கருவியோடு வீட்டுக்குள் கடை போட்ட கும்பல்கள் தர்மபுரிப் பக்கம் பிடிபட்டிருக்கின்றன. அங்கே இறப்புப் பதிவேடு உதவாது. கர்ப்பிணிப் பதிவேடு உதவும்: மூன்றாம் மாதம் பெயர் இருந்து ஐந்தாம் மாதம் காணாமல் போகும் பெண்ணை அதில்தான் தேட வேண்டும்.

இந்த மாவட்டத்தின் இன்னொரு மூலைக்கு இப்போது போவோம். அரூரிலிருந்து கோட்டப்பட்டி வழியாகக் கிழக்கே போனால், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே ஒரு பள்ளத்தாக்கு. பெயர் சிட்லிங்கி. மலையாளிப் பழங்குடியினரும் லம்பாடி மக்களும் வாழும் இடம். (கேரளத்து மலையாளி வேறு, இவர்கள் வேறு, மலையை ஆள்பவர்கள் என்று தங்கள் பெயருக்கு விளக்கம் சொல்வார்கள்.) 1990களின் தொடக்கத்தில் இங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. மாநிலச் சராசரி அப்போது அறுபதுக்கும் கீழே. மருத்துவமனைக்குப் போக 50 கிலோமீட்டர், பெரிய அறுவைச் சிகிச்சை என்றால் 100 கிலோமீட்டர்.

ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் படித்து, காந்திகிராமம் மருத்துவமனையில் வேலை பார்த்த டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதா ரெஜியும் நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு 1993இல் இங்கே வந்து தங்கினார்கள். ரெஜி மயக்க மருந்து நிபுணர், லலிதா மகப்பேறு மருத்துவர். ஊர் மக்கள் கைகொடுக்க ஒரு மண் குடிசை எழும்பியது. அதற்குள்ளேயே புறநோயாளிப் பிரிவு, பிரசவம், நூறு வாட் பல்பு வெளிச்சத்தில் அறுவைச் சிகிச்சை எல்லாம். டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பின் தொடக்கம் அதுதான்.

மருத்துவர் தம்பதியின் கதை நிறையப் பத்திரிகைகளில் வந்துவிட்டது. இந்தத் தொடருக்கு வேண்டியது அவர்களுக்கு அடுத்து நின்ற பெண்களின் கதை.

நகரத்து நர்ஸ் யாரும் அந்தப் பள்ளத்தாக்கில் வந்து தங்கப்போவதில்லை என்பது முதல் வருடமே தெரிந்துவிட்டது. ஆகவே ஊர்ப் பெண்களையே எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பள்ளிப்படிப்பு முடிக்காதவர்களும் அதில் உண்டு. ஊசி போட, ரத்த அழுத்தம் பார்க்க, பிரசவம் பார்க்க, அறுவைச் சிகிச்சைக்கு உதவ, சாதாரண நோய்களைத் தாங்களே கண்டறிந்து மருந்து தர என்று ஒவ்வொன்றாகக் கற்றார்கள். மருத்துவமனையின் முதுகெலும்பு இவர்கள்தான்.

இரண்டாவது வரிசை இன்னும் சுவாரசியமானது. ஒவ்வொரு ஊரும் தனக்குள்ளிருந்து ஒரு பெண்மணியைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. வயதில் மூத்தவர்கள், பிள்ளை பெற்று வளர்த்தவர்கள், பேச்சுக்கு மதிப்புள்ளவர்கள். மாதாமாதம் மருத்துவமனையில் கூடிப் பாடம் கேட்டுத் தங்கள் ஊருக்குத் திரும்புவார்கள். கர்ப்பிணிகளைப் பார்ப்பது, பிறந்த குழந்தையை எடை போடுவது, தொப்புளில் சாணமோ சாம்பலோ வைக்காமல் பார்த்துக்கொள்வது, பிறந்தவுடன் சீம்பால் கொடுக்கச் சொல்வது, குழந்தையைக் குளிப்பாட்டாமல் துணியில் சுற்றிக் கதகதப்பாக வைப்பது, வயிற்றுப்போக்கு என்றால் உப்பு சர்க்கரைக் கரைசல். இதில் பெரிய மருத்துவம் எதுவும் இல்லை. சொல்கிறவர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சீம்பால் ஆகாது என்று ஒரு பாட்டி சொல்லும் வீட்டில், அதை மறுத்துப் பேச இன்னொரு பாட்டியால்தான் முடியும். வெளியூர் டாக்டர் சொன்னால் தலையாட்டிவிட்டுப் பழையபடியே செய்வார்கள்.

சிசு இறப்பு 147லிருந்து இருபது அளவுக்கு இறங்கியது. குடிசை 35 படுக்கை மருத்துவமனையாக வளர்ந்தது. அங்கே வேலை செய்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த மலை மக்களே.

சரி, இவர்களை நர்ஸ் என்று அழைக்கலாமா? சட்டப்படி முடியாது. தமிழ்நாட்டில் 1926ஆம் ஆண்டின் சென்னை செவிலியர், தாதியர் சட்டப்படி பதிவு பெற்றவரே நர்ஸ். இந்தக் கேள்விக்கும் ஐரோப்பாவில் ஒரு முன்கதை உண்டு. 1887இல் எத்தல் பெட்ஃபோர்டு ஃபென்விக் பிரிட்டிஷ் நர்சுகள் சங்கத்தைத் தொடங்கி, தேர்வெழுதிப் பதிவு செய்தவருக்கே அந்தப் பெயர் உரியது என்று கொடி பிடித்தார். அதை எதிர்த்தவர் வேறு யாருமல்ல, நைட்டிங்கேல். நல்ல நர்சின் குணத்தைத் தேர்வுத்தாளில் அளக்க முடியாது என்பது அவர் கட்சி. 1919இல் பிரிட்டனில் பதிவுச் சட்டம் வந்தபோது ஃபென்விக் வென்றார். ஏழே ஆண்டில் அது சென்னைக்கு வந்துவிட்டது.

ஃபென்விக் வென்றது நியாயம்தான். பதிவு இல்லாதிருந்தால் நர்ஸ் வேலை இன்றும் ஆயா வேலையாகவே மதிக்கப்பட்டிருக்கும், சம்பளமும் அப்படியே. ஆனால் பதிவு பெற்றவர் வராத மலையில் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தபோது, நைட்டிங்கேலின் கட்சிக்கும் சிட்லிங்கியில் ஒரு சாட்சி கிடைத்தது. அந்தப் பெண்கள் தங்களை ஹெல்த் ஒர்க்கர் என்று சொல்லிக்கொள்கிறார்கள். நோயாளிகள் சிஸ்டர் என்கிறார்கள்.

சமவெளியில் நிலைமை வேறு திசையில் மாறியது. தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஸ்டாஃப் நர்சுகளை முறை வைத்து அமர்த்தி, இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்க ஏற்பாடு செய்தது அரசு. ராத்திரி வலி எடுத்தால் போய்ச் சேர இடம் இருக்கிறது என்ற நம்பிக்கை வந்தபின், வீட்டுப் பிரசவம் மெல்ல மறைந்தது. 2015-16இன் தேசிய குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99 சதவீதம் மருத்துவமனைகளில் நடந்திருந்தன. வீட்டில் பிரசவம் பார்த்த மருத்துவச்சிப் பாட்டிகளைத் தேடினாலும் இப்போது கிடைப்பதில்லை.

நர்சம்மாவின் பதிவேடும் கணினிக்குள் போய்விட்டது. பிக்மி இணையதளத்தில் கர்ப்பத்தைப் பதிந்து எண் வாங்கியாக வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்கிறார்கள். பதிவு கெட்டியானது. ஆனால் பகலில் நடந்துவிட்டு ராத்திரியில் கணினி முன் உட்கார வேண்டியிருக்கிறது என்று வி.எச்.என்.கள் போராடியதும் உண்டு. எழுதுவது கூடக் கூட, திண்ணையில் உட்கார்ந்து பேசும் நேரம் குறைகிறது என்ற அவர்களுடைய புகாரை அலட்சியம் செய்வதற்கில்லை. 'சமூகக் காரணம்' என்று எழுதத் தெரிந்தது அந்தத் திண்ணைப் பேச்சால்தானே.

2004 பிப்ரவரியில் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. அந்த மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. வீடு தேடிப் போகும் இந்தத் திட்டத்துக்கு 2024இல் ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அதே ஊர்களில் நர்சம்மாக்கள் வீடு தேடித்தான் போய்க்கொண்டிருந்தார்கள், கையில் நோட்டோடு.

அடுத்த இதழில்: 1926இன் சென்னைச் சட்டமும் அதன் முதல் பதிவுப் புத்தகமும்.

(தொடரும்)